போக வண்டி உண்டு, வர வண்டி இல்லை

சில மாதங்களுக்கு முன் 108 ஆம்புலன்ஸ் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அழைப்பு போனபின் எத்தனை நிமிடத்தில் வண்டி வந்து சேர்கிறது என்ற ஒரே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் உருப்படியாக நடக்கும் பொதுச்சேவைகளில் இதுவே முதலிடம் என்று முடித்திருந்தேன். அந்த முடிவில் பாதியை இப்போது திரும்பப் பெறுகிறேன். சேவை கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. நான் வைத்த அளவுகோல் போதாது. அதை எனக்குக் காட்டியது மரக்காணம்.

மரக்காணத்துக்கு நான் போனது வேறு வேலையாக, கழுவேலி ஏரியைப் பார்க்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்த உப்பளங்கள் தெரியும். சாலையின் ஓரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளை அம்பாரங்கள், கீற்று போட்டு மூடிய குவியல்கள். நிறையப் பேர் காரை நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். டீக்கடையில் பேச்சு தொடங்கி, அங்கிருந்து ஓர் அக்காவின் வீட்டுத் திண்ணை வரை போனது.

அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். வலது காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. பங்குனி மாதம் பாத்தியில் ஏதோ குத்தியிருக்கிறது. குத்தியது தெரியவில்லை. தெரிந்தபோது கால் வீங்கி, காய்ச்சல் வந்து, நினைவு தப்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் 108-க்குப் போன் செய்திருக்கிறான். வண்டி வந்துவிட்டது; தாமதமெல்லாம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"எப்படிக்கா வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பஸ்ஸு மாறி, ஒரு ஷேர் ஆட்டோ. வண்டி இட்டுகினு போவும் சார். இட்டாந்து வுடாது."

குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. உப்பு எடுப்பது தை மாதத்துக்கு மேல், மழை வந்தால் வேலை இல்லை என்று சொல்கிற அதே குரல்தான். மூன்று முறை கட்டு மாற்றப் போயிருக்கிறார். நாலாம் முறை போகவில்லை. புண் மறுபடி திறந்துகொண்டது.

உப்பில் கால் என்ன ஆகிறது

கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. உப்பளத்தில் அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவைத்து அடர்த்தி ஏற்றுகிறார்கள். சுமார் 25 டிகிரி போமே வரும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். அப்போது அந்த நீரில் நூற்றுக்குக் கால் பங்கு உப்பு. அதற்கு முந்தைய பாத்திகளிலேயே ஜிப்சம் படிந்துவிடும். அதன் படிகம் கூர்மையானது. உப்பை எடுத்தபின் மிஞ்சுகிற நீரில் மெக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அது புண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

இந்தத் தண்ணீரில் தினமும் மணிக்கணக்காக நிற்கும் கால், தோலிலுள்ள ஈரத்தை உப்புக்குக் கொடுத்துவிடுகிறது. தோல் காய்கிறது, தடிக்கிறது, பிறகு வெடிக்கிறது. வெடிப்பில் உப்பு இறங்குகிறது. வருடக்கணக்கில் தடித்துப்போன பாதத்தில் தொடு உணர்வு மழுங்கிவிடும். அதனால்தான் குத்தியது அந்த அக்காவுக்குத் தெரியாமல் போனது. இதோடு சர்க்கரை நோயும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நரம்பும் மரத்துப்போய், ரத்த ஓட்டமும் குறைந்து, சின்னக் கீறல் விரலைக் கேட்கும்.

குஜராத்தின் சின்ன ரண் பகுதியில் உப்பு எடுக்கும் அகரியா மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்வார்கள்: சிதையில் உடல் எரிந்தாலும் பாதம் வேகாதாம்; அதைத் தனியாக உப்போடு சேர்த்துப் புதைப்பார்களாம். படித்தவுடன் நமக்குச் சிலிர்க்கிறது, பகிர்கிறோம். எனக்கு இந்தச் செய்தியின்மேல் ஒரு கோபம் உண்டு. செத்தபின் அந்தக் கால் என்ன ஆகிறது என்பதில் நமக்கிருக்கும் ஆர்வத்தில் பாதியாவது, உயிரோடு இருக்கும்போது அதற்கு யார் கட்டு மாற்றுகிறார்கள் என்பதில் இருந்திருக்கலாம்.

தமிழில் உப்பளத் தொழிலாளியின் உடலைக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் 1979-இல் எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவல் ஒன்று. மருத்துவத் தரப்பில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு இன்னொன்று. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதாகவும், 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதாகவும் அது சொன்னது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதும் அதனால்தான் வெளியே பேசப்பட்டது. அது வெப்பத்தையும் சிறுநீரகத்தையும் பற்றிய ஆய்வு. காலுக்கு அப்படியொரு பேச்சு இங்கே எழவில்லை.

மூன்று வண்டிகள்

இப்போது வண்டிக்கு வருகிறேன். 108 சேவை இந்தியாவில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒரு கிராமத்தில் நள்ளிரவில் போன் செய்தால், சாதி கேட்காமல், காசு கேட்காமல் ஒரு வண்டி வந்து நிற்கும் என்பது என் தாத்தா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. இதைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு வாய் வராது.

இது தவிர இன்னும் இரண்டு இலவச வண்டிகள் உண்டு. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். 102 வண்டி அதைச் செய்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டில் சேர்க்க அமரர் ஊர்தி இருக்கிறது.

வரிசையாக வைத்துப் பாருங்கள். உயிருக்குப் போராடும்போது மருத்துவமனைக்குப் போக வண்டி உண்டு. பிள்ளை பெற்றால் திரும்பி வர வண்டி உண்டு. இறந்துபோனால் திரும்பி வரவும் வண்டி உண்டு. விரலை எடுத்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் ஊன்றக்கூடாது என்ற அறிவுரையோடு உயிரோடு திரும்புகிறவர் மட்டும் பஸ் பிடிக்க வேண்டும்.

யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த கொடுமை இல்லை இது. ஒவ்வொரு வண்டியும் ஒரு தனிக் கணக்குக்காக வந்தது. 108 விபத்துச் சாவுக்காக, 102 தாய்-சேய் மரணத்துக்காக, அமரர் ஊர்தி ஏழை வீட்டுச் சாவின் அவமானத்துக்காக. மூன்றும் தேவையான கணக்குகள்தான். கால் புண் எந்தக் கணக்கிலும் சேரவில்லை, அவ்வளவுதான்.

சாலையின் கதையும் இதேதான். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' தொடங்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி, வெளிமாநிலத்தவராக இருந்தாலும் சரி. நல்ல திட்டம். ஆனால் மரக்காணத்தில் தார்ச்சாலை மேல் அடிபடும் காலுக்கு 48 மணி நேரம் உண்டு. அதே சாலையிலிருந்து ஐம்பதடி தள்ளிப் பாத்திக்குள் அடிபடும் காலுக்கு அந்த வசதி இல்லை.

வண்டியே பற்றாது என்று சொல்பவர்களுக்கு 2023 மே மாதத்தை நினைவூட்டுகிறேன். மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் விழுந்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் அந்தக் கரையிலிருந்து புதுச்சேரிக்கும், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் நோயாளிகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். மாநில எல்லை குறுக்கே நிற்கவில்லை. அவசரம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் நம் அமைப்பு ஓடும். எதை அவசரம் என்கிறோம் என்பதில்தான் சிக்கல். மெல்ல மெல்ல அழுகும் ஒரு விரல், அழுகி முடிக்கும்வரை அவசரம் ஆவதில்லை.

பாதத்துக்கு ஒரு திட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்று தமிழக அரசு அண்மையில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதித்து, கால் இழப்பைத் தடுப்பது நோக்கம். இதைக் கேள்விப்பட்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பாதம் என்ற சொல் ஓர் அரசுத் திட்டத்தின் பெயரில் வருவதே பெரிய விஷயம்.

என் விமர்சனம் அதன் வாசலைப் பற்றியது. உள்ளே நுழைய ரத்தத்தில் சர்க்கரை வேண்டும். நான் பார்த்த அக்காவுக்குச் சர்க்கரை இல்லை. அவர் காலைக் கெடுத்தது அவர் வேலை. தொழில் சார்ந்த கால் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இருந்திருந்தால், முதல் வெடிப்பிலேயே யாராவது அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று நேரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பிறகு அது தொழிற்கூடங்களுக்கும் போகத் தொடங்கியது. தொழிற்கூடத்துக்கு ஒரு கேட் இருக்கும், வருகைப் பதிவேடு இருக்கும், ஷிஃப்ட் முடியும் நேரம் தெரியும். உப்பளத்துக்குக் கேட் கிடையாது. வெயிலுக்கு முந்த வேண்டும் என்று விடிகாலை நாலு மணிக்கே போய்விடுகிறவர்கள், வீட்டுக்குத் திரும்பி வரும்போது காலை நேரப் புறநோயாளி வரிசை முடியும் தறுவாயில் இருக்கும். "கட்டுக்குப் போனா கூலி போவுது, கூலிக்குப் போனா கட்டு போவுது" என்றார் அந்த அக்கா. நாலாம் முறை அவர் ஏன் போகவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. நோயாளியின் அலட்சியம் என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவது சுலபம். ஒரு கட்டுக்கு ஒரு நாள் கூலி விலை என்று எங்கேயும் எழுதுவதில்லை.

காப்பீடு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பெரிய துணை. விரலை எடுக்கும் நாளுக்கு அது உதவும். விரல் போகாமல் காக்கும் பஞ்சுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் அது வழி சொல்வதில்லை.

பூட்ஸ் கொடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரப்பர் பூட்ஸ் பற்றி அந்த அக்காவிடமும் கேட்டேன். சிரித்தார். பருவம் தொடங்கும்போது பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்துத்தான் இறுக்க வேண்டும். பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும். வாரும்போது போட்டால் உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கி, வெயிலில் கால் வெந்துவிடும். அதனால் பழைய சாக்ஸ் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்கிறார்கள். கொடுப்பவர் ஒருமுறை பாத்தியில் இறங்கி நடந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்.

அறிவு பக்கத்திலேயே இருக்கிறது

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது ஒன்று. உணர்விழந்த பாதத்தை எப்படிக் காப்பது என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று இதே வட தமிழ்நாடு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளியின் விரல் நோயால் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் போகிறது என்பதை அவரும் அவர் சகாக்களும் நிறுவினார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு உருவானது. அந்தப் பாடங்களைத்தான் பின்னாளில் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கு அவை பயன்பட்டன. தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இன்றும் அந்தச் செருப்பு இலவசம்.

தெற்கே புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இயங்குகிறது. யானைக்கால் நோயாளிக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரும் முதல் பாடம் கால் கழுவுதல்தான்: சோப்புப் போட்டுக் கழுவு, விரல் இடுக்கைத் துடைத்து உலரவை, வெடிப்பு இருக்கிறதா என்று தினமும் பார். செலவு ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு குடம் நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் உப்பளத்தில் கிடையாது என்பது வேறு கதை.

ஒரு பக்கம் வேலூர், ஒரு பக்கம் புதுச்சேரி. நடுவில் மரக்காணம். தொழுநோய்க் காலுக்குத் தெரிந்தது, யானைக்கால் காலுக்குத் தெரிந்தது, இப்போது சர்க்கரைக் காலுக்கும் தெரிந்துவிட்டது. எல்லாமே ஒரே கால்தான். நாம்தான் அதை நோயின் பெயரால் பிரித்து வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்

"108-ஐ டாக்சியாக்கச் சொல்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். இல்லை. கட்டு மாற்ற வருகிறவரை ஏற்றிக்கொண்டு ஒரு 108 போனால், அதே நேரத்தில் நெஞ்சுவலிக்காரர் காத்திருப்பார். அது தவறு. நான் கேட்பவை வேறு, எல்லாமே ஏற்கெனவே எங்கேயோ நடப்பவை.

முதலாவது, 102 மாதிரியான திரும்ப விடும் வசதி, காலில் அறுவை முடிந்து போகிறவர்களுக்கும். தாய்க்குச் செய்ய முடிகிற ஒன்றை ஊன்றக்கூடாத காலுக்கும் செய்ய முடியும். ஒரே பாதையில் போகும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பினாலே போதும்.

இரண்டாவது, உப்புப் பருவ மாதங்களிலாவது, உப்பளக் கிராமங்களின் துணை சுகாதார நிலையத்தில் மாலை நேரக் கட்டு. பெரிய ஆஸ்பத்திரி சீட்டு எழுதும்போதே அந்தச் செவிலியருக்கு ஒரு தகவல் போக வேண்டும். நோயாளி வராவிட்டால் தேட ஒரு ஆள் வேண்டும். காசநோய்க்கு நாம் அப்படித் தேடிப் போகிறோம் இல்லையா?

மூன்றாவது, 'பாதம் பாதுகாப்போம்' படிவத்தில் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வி. உப்பளம், நாற்று நடவு, மீன்பதப்படுத்தல் என்றால், சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ, செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

நாலாவது, பாத்தியோரம் நல்ல தண்ணீர்த் தொட்டி. கால் கழுவவும், குடிக்கவும். இது சுகாதாரத் துறையின் வேலை இல்லை, உப்பளம் நடத்துகிறவரின், குத்தகைக்கு விடுகிறவரின் வேலை. ஆனால் கேட்க வேண்டியது சுகாதாரத் துறை.

கடைசியாக, கணக்கு. 108-இன் வெற்றியை நிமிடங்களில் அளக்கிறோம். அளக்கட்டும். அதோடு, கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் எத்தனை பேர் மறு சிகிச்சைக்கு வந்தார்கள் என்ற ஒரு எண்ணையும் அருகில் வைக்க வேண்டும். என் பழைய குறிப்பில் நானும் அந்த எண்ணைக் கேட்கவில்லை. வண்டி வந்து நின்றதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பற்றிய செய்தி இருக்கிறது. சோழர் காலத்திலிருந்து இன்றுவரை அந்த ஊரில் உப்பை அளந்திருக்கிறார்கள், வரி போட்டிருக்கிறார்கள், டன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அதை மிதித்தவர்களின் காலை யாரும் எழுதவில்லை.

கிளம்பும்போது அந்த அக்காவை, இன்றைக்கே என்னோடு காரில் வாருங்கள், கட்டு மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று கூப்பிட்டேன். வந்தார். போக முக்கால் மணி நேரம், அங்கே ஒரு மணி நேரம், திரும்பி வர முக்கால் மணி நேரம். வீட்டு வாசலில் இறங்கியபோது "நாளான்னைக்கு?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அன்று ராத்திரியே சென்னைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.